1.34-ஐ வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஆன்டி ஹெச்.சி.வி: ரியாக்டிவ், 1.34' என்று தடித்த எழுத்தில் அடித்து, கீழே பொடி எழுத்தில் 'நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று போட்டுவிட்டால் லேபின் வேலை முடிந்துவிடுமாம். யார் பொருத்திப் பார்ப்பது? கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் என் அம்மாவா?

கவுண்டரில் கேட்டால், "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்." டாக்டரிடம் காட்டினால், அவர் அந்த எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. "ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்மா. லிவர் டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்." நாங்கள் வெளியே வருவதற்குள் அம்மாவின் ஃபைல் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஏறிவிட்டது. பயப்பட வேண்டுமா, வேண்டாமா, அடுத்து என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். கல்லீரல் என்ற சொல் காதில் விழுந்ததுமே சித்தி கீழாநெல்லியை அரைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா யாரும் சொல்லாமலே தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். பேரனைத் தூக்க மாட்டேன் என்றார். இந்த வைரஸ் ரத்தத்தின் வழியாகப் பரவுவது. சேர்ந்து சாப்பிட்டாலோ, தொட்டாலோ, குழந்தையைக் கொஞ்சினாலோ ஒட்டாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அந்த டாக்டருக்கு? அரை நிமிடம்?

அந்த 1.34 வைரஸின் அளவே இல்லை. மெஷினில் கிடைத்த சமிக்ஞையை, இதற்கு மேல் போனால் ரியாக்டிவ் என்று அந்த கிட்டுக்கு வைத்த வரம்பால் வகுத்தால் வருவது. 1-ஐத் தாண்டினால் ரியாக்டிவ். தொற்று உண்மையிலேயே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது நன்றாகவே உயர்ந்து நிற்கும். 1-ஐ ஒட்டித் தொங்கும் எண்களில்தான் பொய் பாசிட்டிவ் அதிகம். ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் அதே தடித்த எழுத்து, அதே நட்சத்திரக் குறி.

அதோடு இந்த டெஸ்ட் தேடுவது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியை. நாய் குரைத்தால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான் என்றாகிவிடுமா? வந்துவிட்டுப் போயிருக்கலாம். வந்தது தபால்காரராகவும் இருக்கலாம். தொற்று வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸ் போய்விடுகிறது. அவர்களுக்கும் ஆன்டிபாடி பல வருடம் நிற்கும். மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்களுக்கும் நிற்கும். அப்புறம், தொற்றே வராதவர்களுக்கும் வேறு ஏதோ ஒரு ஆன்டிபாடி தவறாகப் போய் ஒட்டி, டெஸ்ட் ரியாக்டிவ் காட்டும். மூட்டுகளை வீங்க வைக்கும் முடக்குவாதம் போன்ற நோய் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். அம்மாவுக்கு முடக்குவாதம். பல வருடமாக மாத்திரை. இதை முதலில் கேட்டவர் கடைசியாக நாங்கள் போய்ச் சேர்ந்த குடல், கல்லீரல் டாக்டர்தான். அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குத்தான் உண்மையான தொற்று என்று வைத்துக்கொள்வோம். தொற்று இல்லாத நூறு பேரில் ஒருவருக்கு மட்டும் தப்பாகக் காட்டும் நல்ல கிட் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தொற்று இல்லாத பத்துப் பேர் ரியாக்டிவ் ஆவார்கள். பதினைந்து ரியாக்டிவ் ரிப்போர்ட்டில் பத்து பொய்! ஆபரேஷனுக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் இந்த டெஸ்ட்டை எழுதும் ஆஸ்பத்திரிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது, வைரஸின் மரபணுப் பொருளையே ரத்தத்தில் தேடும் ஹெச்.சி.வி ஆர்.என்.ஏ டெஸ்ட். முதல் டெஸ்ட் ரியாக்டிவ் என்றால், இன்னொரு முறை அலையவிடாமல் லேபே தொடர்ந்து இதையும் செய்துவிட வேண்டும் என்று 2022-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நம்மிடம் அதற்குத் தனி பில், தனி ஊசி, சில நாள் தூக்கமின்மை. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018-ல் தொடங்கியது. அதில் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்று எங்களிடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியும் மூச்சு விடவில்லை.

ஆர்.என்.ஏ ரிப்போர்ட் வந்தது. 'டார்கெட் நாட் டிடெக்டட்'. அதாவது ரத்தத்தில் வைரஸ் இல்லை. இதையும் தமிழில் ஒரு வரி எழுதித் தந்தால் குறைந்தா போய்விடுவார்கள்? 'டிடெக்டட், ஆனால் 15-க்குக் கீழே' என்று வருவது வேறு. வைரஸ் இருக்கிறது, அளந்து சொல்ல முடியாத அளவு குறைவு என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதவர்களை அந்த டாக்டரின் வராந்தாவிலேயே பார்த்தேன். பழைய தொற்று தானாகப் போனதா, முதல் டெஸ்ட்டே பொய்யா என்று உறுதியாகப் பிரிக்க முடியாது, எதுவானாலும் இப்போது சிகிச்சை தேவையில்லை என்றார் அவர். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா, டயாலிசிஸ் உண்டா என்றும் கேட்டார். அப்படி இருந்தால் கொஞ்ச நாள் கழித்து ஆர்.என்.ஏ மறுபடி பார்க்க வேண்டுமாம். உண்மையிலேயே வைரஸ் இருந்திருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரை போதும், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள் என்றார். இந்த வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மா டம்ளரைக் கவிழ்த்திருக்க மாட்டார்.

ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது அடுத்த கண். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: "சார், பழைய ரிப்போர்ட் செல்லாது. ஆன்டி ஹெச்.சி.வி மறுபடி எடுத்துட்டு வாங்க." ஆர்.என்.ஏ ரிப்போர்ட் ஃபைலிலேயே இருக்கிறதே என்றேன். "அது எங்க லிஸ்ட்ல இல்ல சார்."