ஃபாதர் போனில் என்ன பார்க்கிறார்?

போன வாரம் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ. காலைப் பூசைக்கு முன்னால் ஃபாதர் சக்ரீஸ்தில் (பூசைக்கு உடை மாற்றும் அறையில்) உட்கார்ந்து போனைப் பார்க்கிறார். கீழே, "இவங்களே இப்படின்னா பிள்ளைங்கள எப்படித் திருத்துறது?" என்று ஒரு கேள்வி. வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது காலைப்புகழ், அதாவது குருக்கள் காலையில் சொல்ல வேண்டிய செபம். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

குருக்கள் தினமும் திருப்புகழ்மாலை (காலை, மாலை என்று வேளைக்கு வேளை சொல்லும் செபங்கள்) சொல்வது அவரவர் இஷ்டம் இல்லை. குருவாவதற்கு முந்தின படியான திருத்தொண்டர் பட்டம் வாங்கும்போதே வாக்குக் கொடுக்கிறார்கள். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 276-ஆவது பிரிவும் அதைக் கடமை என்கிறது. முன்பெல்லாம் பைபிளில் உள்ள 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நான்கு வாரமாகப் பிரித்தார்கள். எதிரியைச் சபிக்கிற 58, 83, 109 மூன்றையும் எடுத்துவிட்டார்கள். (பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்து வருகிற ஃபாதருக்கு அந்த மூன்றும்தான் தேவைப்படும்!)

எனக்கு இது புரிந்தது ஒரு பஸ்ஸில். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் வழியில் மரம் விழுந்து, அறுபதடிப் பாலத்துக்கு மேலேயே வண்டிகள் நின்றுவிட்டன. மழை, இருட்டு. பக்கத்து சீட்டில் வயதான ஃபாதர் ஒருவர். அட்டை தேய்ந்த புத்தகத்தை எடுத்தார், சிவப்பு நாடாவைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்பினார், செல்போன் வெளிச்சத்தில் உதடு மட்டும் அசைய மாலைப்புகழ் சொன்னார். நடுவில் கண்டக்டர் வந்து பேசியபோது ஒரு விரலை வரியிலேயே வைத்துக்கொண்டார். முடித்ததும் கேட்டேன், "இன்னைக்கு ஒரு நாள் விட்டா என்ன ஃபாதர்?"

"எனக்காக மட்டும்னா விட்டிருப்பேன் தம்பி. உங்களுக்கும் சேத்துல்ல சொல்றேன்."

அதுதான் விஷயம். மக்கள் பேரில், திருச்சபையின் பேரில் சொல்கிற செபம் அது. அந்த நேரத்தைத்தான் நாம் பிடுங்குகிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஞானஸ்நானச் சான்றிதழ், வீடு மந்திரிப்பு, ஸ்கூல் சீட்டுக்கு ஒரு வார்த்தை. நானும் இதே வேலைதான் செய்திருக்கிறேன், பெல்லை இரண்டு தடவை அடித்தும் இருக்கிறேன்.

அதற்காக எல்லா ஃபாதர்மாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஐந்து வேளையையும் சேர்த்து வைத்து ராத்திரி பதினொன்றரைக்கு ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, "கடமை முடிஞ்சுது" என்பவர்களும் உண்டு. நட்டநடு ராத்திரியில் என்ன காலைப்புகழ்? அப்புறம், இதைப் பூட்டிய அறைக்குள் ஏன் சொல்ல வேண்டும்? பொதுநிலையினரும் (நம்மைப் போன்ற சாதாரண மக்களும்) சேர்ந்து சொல்லலாம் என்றுதான் சங்கமே சொன்னது. கோயில் கதவைத் திறந்து சத்தமாகச் சொன்னால் வாட்ஸ்அப்பில் போட்டோவும் வராது.

எங்கள் ஃபாதரிடம் கேட்டுப் பார்த்தோம். "சனிக்கிழமை ஆறரைக்கு வாங்க" என்றார். இதுவரை நான்கு பேர். எனக்குக் கிடைத்த பழைய புத்தகத்தில் நாடாக்கள் பாதி அறுந்திருக்கின்றன. இது இரண்டாம் வாரமா, மூன்றாம் வாரமா என்று பக்கத்தில் இருக்கும் சிஸ்டரைக் கேட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கிறேன்.