சாலைக்கு இந்தப் பக்கம் என் கையெழுத்து செல்லாது

புதன்கிழமை காலை 8:10. அன்றைய முதல் நோயாளியின் கையில் பிபி பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கிளினிக் மேனேஜர் கதவைத் தட்டி, என்னை வெளியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "இன்றைக்கு நீங்கள் பிரிஸ்கிரிப்ஷன் எழுத முடியாது. டாக்டரோடு இருந்த அக்ரிமென்ட் நேற்று ராத்திரியோடு முடிந்துவிட்டது."

முடியாதாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5 மணிவரை எழுதினேன். நான் என்.பி., அதாவது நர்ஸ் பிராக்டிஷனர்: மேற்படிப்பு படித்து, நோயைக் கண்டுபிடிக்கவும் மருந்து எழுதவும் பயிற்சி பெற்ற நர்ஸ். டெக்சாஸில் ஒரு டாக்டரோடு அக்ரிமென்ட் இருந்தால்தான் நாங்கள் மருந்து எழுதலாம். படித்த படிப்பு அப்படியே இருக்கிறது. லைசென்ஸ் அப்படியே இருக்கிறது. நோயாளிகள் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி டல்லாஸில் அந்த டாக்டர் வேலையை விட்டு ஓய்வு பெறுகிறார், இங்கே டெக்சாஸின் மேற்கு ஓரத்தில் எல் பாசோவில் என் கை கட்டப்படுகிறது.

டெக்சாஸில் என்.பி.யாக வேலை பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இதை அனுபவித்திருப்பீர்கள், இல்லை என்றால் உங்கள் முறை வரும். 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று அக்ரிமென்டில் இருக்கிறது. டாக்டரும் கொடுத்திருக்கிறார். அந்த மின்னஞ்சல் வேலையை விட்டுப் போன பழைய மேனேஜரின் பெட்டியில் போய் விழுந்து, ஒரு மாதம் யாரும் திறக்காமல் கிடந்திருக்கிறது. ஒரு மின்னஞ்சலைத் திறக்காததற்கு ஒரு கிளினிக்கே வாயடைத்துப்போய் நிற்கிறது. எங்களிடம் டாக்டர் கிடையாது. இரண்டு என்.பி.க்கள்தான். இருவருமே அந்த ஒரே டாக்டரின் பெயரில் எழுதிக்கொண்டிருந்தோம்.

சரி, உள்ளே உட்கார்ந்திருந்தவர் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

வயது எழுபதைத் தாண்டியவர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக என்னிடம்தான் வருகிறார். என்னை "மிஹா" என்பார். ஸ்பானிஷில் மகளைக் கூப்பிடுவது, எங்கள் நாகர்கோவில் பக்கம் பெரியவர்கள் பிள்ளைகளை "மக்களே" என்பார்களே, அதே வாஞ்சை. அன்று அவருக்கு பிபி 178/102. பத்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து மறுபடி எடுத்தேன். 174/100. போன தடவையும் கூடுதலாகத்தான் இருந்தது, வீட்டில் எழுதிவைத்த கணக்கிலும் அப்படித்தான். லிசினோபிரில் என்ற பிபி மாத்திரை ஏற்கெனவே முழு அளவில் போகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்லோடிபின் 5 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிற, மாதத்துக்குச் சில டாலர் மட்டுமே ஆகிற மாத்திரை.

கணினியில் மருந்தின் பெயரை அடித்துவிட்டேன். பழக்கம். அனுப்பும் பொத்தான்மேல் விரல் வைத்த பிறகுதான் மேனேஜர் சொன்னது உறைத்தது. அழுத்தினால் சட்டமீறல். டெக்சாஸ் சட்டத்தில், போதை மருந்துப் பட்டியல்களில் வராத, ஆனால் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத எந்த மருந்துக்கும் "ஆபத்தான மருந்து" என்றே பெயர். அம்லோடிபின் ஆபத்தான மருந்தாம். 174/100 என்ற பிபியோடு ஒரு கிழவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு அந்தச் சட்டத்தில் என்ன பெயர்?

அவரிடம் என்ன சொல்வது? "இன்றைக்கு என்னால் மருந்து எழுத முடியாது" என்றேன். ஏன் என்றார். "எனக்கு மேலே கையெழுத்துப் போட்டிருந்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார்." எந்த டாக்டர் என்றார். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் பையிலிருந்து பழைய மாத்திரைக் குப்பியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இந்தப் பெயரா? நான் இதை ஃபார்மசி முதலாளியின் பெயர் என்றல்லவா நினைத்தேன்!"

நான்கு வருடம். அந்த டாக்டர் இவரைப் பார்த்ததில்லை, தொட்டதில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. இவருடைய மனைவி இறந்தபோது மாத்திரை சாப்பிடாமல் கிடந்தவரை மூன்று வாரம் தினமும் போனில் கூப்பிட்டவள் நான். இவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனை பார்க்கிறவள் நான். சட்டத்தின் கண்ணுக்கு இவரைப் பார்த்துக்கொண்டது டல்லாஸ்காரர்.

அவர் மாதம் ஒருமுறை வீடியோவில் இருபது நிமிடம் வருவார். சட்டப்படி மாதாந்திரக் கூட்டம் நடந்தாக வேண்டும். பத்து நோயாளிகளின் கோப்பைப் புரட்டுவார், "நன்றாக இருக்கிறது" என்பார், போய்விடுவார். இதற்கு எங்கள் கிளினிக் மாதம் 1,200 டாலர் கொடுத்தது. நான்கு வருடத்துக்கு 57,600 டாலர். அந்தப் பணத்துக்கு ஒரு மெடிக்கல் அசிஸ்டென்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்கலாம். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வண்டி வாங்கியிருக்கலாம். ஏழைகள் வருகிற கிளினிக் இது. அந்தப் பணம் அவர்கள் பணம்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். என் வயிறு எரிவது இங்கேதான்.

எனக்கு நியூ மெக்சிகோ லைசென்ஸும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் சன்லேண்ட் பார்க்கில் ஒரு கிளினிக்கில் உட்காருகிறேன். எல் பாசோவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சன்லேண்ட் பார்க் வேறு ஊரே இல்லை. வீடுகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நியூ மெக்சிகோ. கேட் இல்லை, காவல் இல்லை. எல் பாசோவின் கடிகாரம்கூட டல்லாஸோடு ஓடவில்லை, நியூ மெக்சிகோவோடுதான் ஓடுகிறது. மெக்நட் சாலையில் வண்டியைத் திருப்பினால் நான் யாருடைய பெயரும் தேவையில்லாத முழு என்.பி. நியூ மெக்சிகோ 1993லேயே அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. நோயைக் கண்டுபிடிக்கலாம், மருந்து எழுதலாம், தனியாகக் கிளினிக் நடத்தலாம்.

அந்தப் பெரியவரை அங்கே வரச் சொன்னேன். மூன்று நாள் காத்திருந்து, மகளுடைய காரில் வந்தார். அதே நான். அதே அவர். என் பையிலிருந்து எடுத்த அதே பிபி பட்டை. 176/100. அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்று அடித்து அனுப்பினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்து ஃபார்மசியிலேயே வாங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை ஆபத்தாக இருந்தவள் சனிக்கிழமை எப்படிப் பாதுகாப்பானவள் ஆனேன்? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது.

டாக்டர்கள் நம்மைவிட அதிக வருடம் படிக்கிறார்கள், பயிற்சி எடுக்கிறார்கள், உண்மை. அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒவ்வொரு மாநிலத்திலும் இதைச் சொல்லித்தான் எங்களை எதிர்க்கிறது. சிக்கலான நோயாளியை நான் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் டாக்டருக்கு அனுப்புவேன், அனுப்பிக்கொண்டும் இருக்கிறேன். அதற்கு யாருக்கும் மாதம் 1,200 டாலர் கட்ட வேண்டியதில்லை. பாதுகாப்புதான் கவலை என்றால் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒருவரின் பெயர் எப்படிப் பாதுகாப்பு ஆகும்? 2000ல் ஜாமா மருத்துவ இதழில் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை என்.பி.க்களிடமும் மறு பகுதியை டாக்டர்களிடமும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உடல்நிலையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அது வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது!

இந்த வேலையே எதற்காக உண்டானது? 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத இடங்களில் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காக. டாக்டர் இல்லாத இடத்துக்காகப் பிறந்த வேலையை, டாக்டர் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கூத்து. ஜார்ஜியாவில் 2006வரை என்.பி. மருந்தே எழுத முடியாது. ஃபுளோரிடாவில் கட்டுப்பாட்டு மருந்துகளை, அதாவது பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடியவற்றை, எழுத 2017வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் முழு உரிமை கொடுத்துவிட்டன. டெக்சாஸ் அசையவில்லை. ஒற்றைப்படை வருடங்களில் 140 நாள் சட்டமன்றம் கூடும், மசோதா வரும், கமிட்டியிலேயே செத்துப்போகும். அடுத்ததற்கு இரண்டு வருடம் காத்திரு. 2020ல் கொரோனா வந்தபோது மட்டும் பல மாநிலங்களில் ஆளுநர்கள் ஒரே உத்தரவில் இந்த விதிகளைத் தளர்த்தினார்கள். பிணங்கள் குவிந்தபோது நாங்கள் தேவைப்பட்டோம்.

அக்ரிமென்ட் கையில் இருந்தால் மட்டும் எல்லாம் எழுதிவிட முடிகிறதா? கட்டுப்பாட்டு மருந்துகளை மத்திய அரசு பட்டியல் பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டாம் பட்டியல் மருந்துகளை டெக்சாஸில் ஆஸ்பத்திரியிலோ, கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸிலோதான் நாங்கள் எழுதலாம், கிளினிக்கில் உட்கார்ந்து எழுதக் கூடாது. 2014 அக்டோபரில் ஹைட்ரோகோடோன் கலந்த வலி மாத்திரைகளை மத்திய அரசு மூன்றாம் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்கு மாற்றியது. முந்தின நாள்வரை எழுதிக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் எழுத முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிற பையனுக்கு மெதில்ஃபெனிடேட் வேண்டுமா? அதுவும் இரண்டாம் பட்டியல்தான். மாதக்கணக்கில் காத்திருந்து வேறு டாக்டரைப் பாருங்கள் என்றுதான் அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அம்மாக்களின் முகத்தைச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பேச ஆரம்பித்தால் முடியாது. கட்டுப்பாட்டு மருந்துகளை எழுத மத்திய அரசின் போதைமருந்துத் தடுப்புத் துறையில் வாங்கும் டி.இ.ஏ. பதிவு மாநிலத்துக்கு ஒன்று. மூன்று வருடத்துக்கு 888 டாலர். எனக்கு இரண்டு மாநிலம், இரண்டு 888. அந்த எண் எம் என்ற எழுத்தில் தொடங்கும். மிட் லெவல் என்பதற்கான எம். இடைநிலை ஆள். டாக்டருக்கும் அதே 888தான், ஆனால் அவருடைய எண்ணில் அவரை இப்படித் தரம் பிரிக்கும் எழுத்து இல்லை. என் ஆர்.என். (சாதாரண நர்ஸ்) லைசென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு ஏறக்குறைய நாற்பது மாநிலங்களில் போய் நர்ஸ் வேலை பார்க்கலாம், மாநிலங்களுக்குள் அப்படி ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அதற்கு மேல் படித்து வாங்கிய என்.பி. லைசென்ஸோ பக்கத்துத் தெருவில் செல்லாது. படிக்கப் படிக்க எல்லை சுருங்குகிறது.

புதன்கிழமை மத்தியானத்திலிருந்து மேனேஜர் போனும் கையுமாக இருக்கிறார். ஒரு டாக்டர் மாதம் 2,500 கேட்டார். இன்னொருவர் தன் இன்ஷூரன்ஸ் சம்மதிக்காது என்றார். மூன்றாவது ஆள் நல்ல மனிதர், உள்ளூர்க்காரர், சந்தோஷமாகச் செய்வேன் என்றார், ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஏழு பேர் கணக்கு நிறைந்துவிட்டது. பொதுவாக ஒரு டாக்டருக்குக் கீழே முழுநேரக் கணக்கில் ஏழு பேர்தான் இருக்கலாம். இதற்குள் ஒவ்வொரு நாளும் காத்திருப்பு அறையில் ஆட்கள் வந்து உட்கார்ந்து, எழுந்து போகிறார்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்தவர்கள், தைராய்டு மாத்திரை தீர்ந்தவர்கள். எல்லோருக்கும் சனிக்கிழமை கோட்டைத் தாண்டி வர வண்டி இல்லை, ஓட்டிவர மகள் இல்லை.

ராத்திரி நாகர்கோவிலிலிருந்து அம்மா போன். நடந்ததைச் சொன்னேன். "எம்மா, அப்போ நீ டாக்டரா நர்ஸா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருடமாகக் கேட்கிற கேள்வி. வழக்கமாகச் சிரித்து மழுப்புவேன். அன்றைக்கு அழுதுவிட்டேன். "நர்ஸ்தான்மா, நல்ல நர்ஸ்" என்றேன். "அது போதும் மக்களே, முதல்ல சாப்பிடு" என்றாள்.

பதினோராம் நாள், ஹூஸ்டனில் ஒரு டாக்டர் 1,800க்கு ஒத்துக்கொண்டார். அவரும் எல் பாசோவுக்கு வரப்போவதில்லை. அக்ரிமென்ட் பதினான்கு பக்கம். அவருடைய ஆபீஸ் மின்னஞ்சலை ஏற்காதாம், ஃபேக்ஸ்தான் அனுப்ப வேண்டுமாம். இந்த நாட்டில் ஆஸ்பத்திரிகளைத் தவிர வேறு எவன் இன்னும் ஃபேக்ஸ் வைத்திருக்கிறான்? போனில் படம் எடுத்தால் ஒரு நொடியில் போய்ச் சேருகிற காகிதத்துக்கு நான் மெஷின் முன்னால் நாற்பது நிமிடமாக நிற்கிறேன். ஒன்பதாவது பக்கத்தில் மறுபடி பேப்பர் சிக்கிக்கொண்டது. நான்காவது தடவை. டோனரும் இல்லை. டோனர் வாங்கச் சொல்லி போன மாதமே எழுதிக்கொடுத்தேன், அதையும் அந்தப் பழைய மேனேஜரின் பெட்டிக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள்!