பாவமன்னிப்பு கேட்டாச்சு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சா?

போன ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டு மல்கியா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் பிரசங்கம். "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" என்று எட்டாம் வசனத்தில் ஆரம்பித்து, பத்தாம் வசனத்தில் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவருவதில் வந்து முடிந்தது. இந்தப் பிரசங்கத்தைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட மூன்று வசனம் முன்னால் போய் ஐந்தாம் வசனத்திலிருந்து ஆரம்பித்து நான் கேட்டதில்லை. யார் யாருக்கு விரோதமாகத் தாம் சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் அங்கே வரிசையாகச் சொல்கிறார். சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர்கள். அதே வரிசையில்தான் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களும் நிற்கிறார்கள்.

தசமபாகம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் கொடுக்கிறவன்தான். ஆனால் தம்மிடத்தில் திருடுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, கூலிக்காரனிடத்தில் திருடுவதைப் பற்றி அவர் பேசிவிட்டார். அதைத் தாண்டிக்கொண்டு போக நமக்கு உரிமை கிடையாது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், என்னைப் படிக்க வைத்தது அம்மா சுற்றிய பீடி.

ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். அங்கே வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற சுளகு (முறம்) இருக்கும். அம்மா முந்தின ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவாள். விடிந்ததும் தகட்டை வைத்து இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, வாயை மடக்குவாள். 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்கு 40 கட்டு. சமையல், தண்ணீர் எடுப்பது எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஆயிரத்தை முடிக்க ராத்திரி ஆகிவிடும். அவள் வலது கைப் பெருவிரல் நுனி நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப் போயிருக்கும்.

சாயங்காலம் பீடிக்கடைக்குக் கட்டுகளைக் கொண்டுபோகும்போது நானும் கூடப் போவேன். கடைக்காரர் ஒரு கட்டை எடுத்துப் பெருவிரலால் அழுத்துவார். ஒரு பீடியை உருவிப் பார்ப்பார். "இது தேறாதுக்கா" என்று மூலையில் இருக்கிற கூடையில் போடுவார். ஒரு நாளைக்கு மூன்று கட்டு, நாலு கட்டு இப்படிப் போகும். கழித்த கட்டுக்குக் கூலி கிடையாது. கழித்த கட்டு நம் கைக்குத் திரும்பியும் வராது. நிஜமாகவே தேறாத பீடி என்றால் கண் முன்னால் பிய்த்துப் போட வேண்டும் இல்லையா? ஒரு நாள் மறந்துபோன பையை எடுக்க நான் திரும்ப ஓடினேன். கூடையில் இருந்த கட்டுகள் நல்ல கட்டுகளோடு சேர்ந்து அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தலை நிமிராமல், "விடுலே, கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றாள்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில், இலை தூள் கொடுப்பதில் வரும் தகராறு, பீடியைக் கழிப்பதில் வரும் தகராறு, கழித்த பீடிக்குக் கூலி கொடுப்பதில் வரும் தகராறு, இந்த மூன்றுக்கும் சேர்த்துத் தனிப் பிரிவே எழுதி வைத்திருந்தார்கள். நாடாளுமன்றம் உட்கார்ந்து அதற்கென்று ஒரு பிரிவு எழுதுகிற அளவுக்கு அந்தக் கூடை எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது.

அந்தக் கடைக்காரர் எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை பிடிக்கிறவர். கட்டை அழுத்திப் பார்க்கிற அதே கையில் அந்தப் பையும் வரிசை வரிசையாக வரும். அம்மா முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து அதில் போடுவாள்.

ஓய்வுநாள் பள்ளியில் நான் பாடம் எடுக்கிறேன். பத்துக் கட்டளை நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, அவங்ககிட்டதான் நிறைய இருக்கே, ஒண்ணு எடுத்தா என்ன தப்பு?" அதட்டி உட்கார வைத்திருக்கலாம். ஆனால் அது நல்ல கேள்வி. "களவு செய்யாதிருப்பாயாக." தமிழிலும் இரண்டே வார்த்தை, எபிரெயத்திலும் இரண்டே வார்த்தை. ஏன் என்று அந்த இடத்தில் ஒரு காரணமும் சொல்லவில்லை. சுற்றியிருக்கிற மற்ற பிரமாணங்களில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

உபாகமம் 23-ம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை எடுத்துப் பாருங்கள். அயலானுடைய திராட்சத் தோட்டத்துக்குள் போனால் ஆசை தீரச் சாப்பிடலாம், கூடையில் போட்டுக்கொள்ளக் கூடாது. விளைந்த பயிரில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் போடக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த பிரமாணம் இது. பசித்தவன் வாயில் போடுவதை மோசேயின் பிரமாணம் களவு என்றே சொல்லவில்லை. அதனால்தான் இயேசுவின் சீஷர்கள் பயிர் வழியே போகும்போது கதிர்களைக் கொய்து தின்றதைப் பார்த்த பரிசேயர், "ஓய்வுநாளில் செய்யலாமா" என்றுதான் கேட்டார்கள். "திருடலாமா" என்று கேட்கவில்லை. கேட்க முடியாது. ஆகவே எட்டாம் கட்டளை (கத்தோலிக்கர் கணக்கில் ஏழாம் கட்டளை) இருக்கிறவன் சொத்துக்குப் போட்ட வேலி மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "களவு செய்யாமலும்" என்று சொல்கிற லேவியராகமம் 19-ல், அதற்குச் சற்று மேலேதான், வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஒரே அதிகாரம். ஓரத்துக் கதிரை எளியவனுக்கு விடாத வயல்காரனையும் கூலியைப் பிடித்து வைக்கிற முதலாளியையும் அந்த அதிகாரம் விட்டுவைக்கவில்லை.

அந்தப் பையனுக்கு நான் சொன்னது இதுதான். ஒரு பொருளை எடுக்கும்போது அதற்குள் இருக்கிற ஒருத்தருடைய நாளையும் சேர்த்து எடுக்கிறோம். நாலு கட்டு என்றால் நூறு பீடி. என் அம்மாவுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேலான வேலை. கடைக்காரர் கூடையில் போட்டது அந்த ஒரு மணி நேரத்தை. அதைக் கொடுத்தவர் தேவன். "பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது" என்றால், அம்மாவின் விரலும் அவருடையதுதானே.

இன்னொரு காரணமும் உண்டு. அது ஆகானின் கதையில் இருக்கிறது. யாரும் எதையும் தனக்கென்று எடுக்கக் கூடாது என்று தடை இருந்த எரிகோ பட்டணத்தில் ஒரு பாபிலோனிய சால்வை, 200 வெள்ளிச் சேக்கல், 50 சேக்கல் எடையுள்ள ஒரு பொன்பாளம். எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்தான். நாம் யோசுவா 7-ம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுவோம். எட்டாம் அதிகாரம் இரண்டாம் வசனம் வரை போங்கள். அடுத்த பட்டணமாகிய ஆயியில் கொள்ளையையும் மிருகஜீவன்களையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கர்த்தர் சொல்கிறார். ஒரே ஒரு ஊர் பொறுத்திருந்தால் ஆகானுக்கும் பங்கு வந்திருக்கும். "இவர் எனக்குக் கொடுக்கமாட்டார்" என்ற எண்ணம் உள்ளே நுழைந்த பிறகுதான் கை நீளுகிறது. அவிசுவாசம் என்று நாம் மேடை போட்டுப் பேசுகிற எத்தனையோ காரியங்களைவிட இது பெரிய அவிசுவாசம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, பீடிக்கடைக்காரருக்கு வருகிறேன். நான் பத்தாவது படிக்கும்போது ஊரில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். கடைசி நாள் அவர் மேடை ஏறிச் சாட்சி சொன்னார். அழுதுகொண்டே, தன் பாவங்களையெல்லாம் கர்த்தர் மன்னித்துவிட்டார், பாரம் இறங்கிப்போச்சு என்றார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சொன்னாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் நாலு கட்டைக் கழித்தார்.

அந்த அழுகை நடிப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. நிஜமாகத்தான் அழுதிருப்பார். திருடியதைத் தேவனிடத்தில் சொன்னால் போதும், திருட்டுக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று யாரோ அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நாம்தான். நம் பிரசங்கமும் பாட்டும் ஜெபமும் சேர்ந்துதான் அப்படிக் கற்றுக்கொடுத்தன.

வேதம் அப்படிக் கற்றுக்கொடுக்கவே இல்லை. ஒரு மாட்டைத் திருடி விற்றுவிட்டால் ஐந்து மாடு, ஆட்டுக்கு நாலு ஆடு கொடுக்க வேண்டும் என்கிறது யாத்திராகமம் 22. திருடின மிருகம் உயிரோடு கையில் அகப்பட்டால் இரட்டிப்பு. கையை வெட்டு என்றோ தலையை எடு என்றோ இல்லை. ஆளைத் திருடினால் மட்டும்தான் மரண தண்டனை. பொருளைத் திருடினவன் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூடுதலாகக் கொடுக்க வேண்டும். லேவியராகமம் 6-ல் குற்றநிவாரண பலி செலுத்துகிற நாளிலேயே, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உடையவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் ஆசாரியன், அப்புறம்தான் பலி, அப்புறம்தான் மன்னிப்பு. வரிசையைக் கவனியுங்கள். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதும் இதே வரிசைதான்.

வரி வசூலிக்கிறவர்களின் தலைவனான சகேயுவிடம் திருப்பிக் கொடு என்று இயேசு கேட்டதாக லூக்கா எழுதவில்லை. அவன் தானாக எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதுண்டானால் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. பணத்தைக் கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று அர்த்தமில்லை. இயேசு வீட்டுக்குள் வந்தபின் அந்தப் பணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனால் உட்கார முடியவில்லை.

சிலுவையில் இருந்த கள்ளன் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லையே, அவனுக்குப் பரதீசு கிடைக்கவில்லையா என்று என்னிடம் கேட்கிறார்கள். உண்மை. ஆனால் அவன் கைகள் சிலுவையில் இருந்தன. அந்தக் கைகளால் எதைத் திருப்பிக் கொடுப்பான்? மிச்சமிருந்த ஒரே காரியத்தைச் செய்தான். நாம் நடப்பித்ததற்குத் தக்க பலனை அடைகிறோம் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான். நம் கைகள் கட்டின்றி இருக்கின்றன. ஜிபேயும் இருக்கிறது.

கொடுக்க வழியே இல்லாதவனுக்கு வேதத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காகப் பவுல் அவன் எஜமானாகிய பிலேமோனுக்கு எழுதுகிறார்: அவன் உமக்குக் கடன்பட்டதுண்டானால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." அடுத்த வரியிலேயே, நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று சொந்தக் கையால் எழுதுகிறார். கடனை மறந்துவிடு என்று அவர் கேட்கவில்லை. ஒருத்தன் செலுத்த முடியாததை இன்னொருத்தர் செலுத்துகிறார். எனக்குச் சுவிசேஷம் புரிந்தது அந்த ஒரு பக்கக் கடிதத்தில்தான்.

நானும் திருடினவன். முதல் வேலையில் வாரம் நாலு நாள் வெளியூர். பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோ என்று எழுதுவேன். லாட்ஜில் வெற்று பில் வாங்கி நானே தொகை போட்டுக்கொள்வேன். எல்லாரும் செய்தார்கள், எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதே ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கட்டளைகளை வாசிக்கும்போது, இதைக் கைக்கொள்ள எங்கள் இருதயத்தைத் திருப்பும் என்று நானும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவின் நாலு கட்டுக்காக அத்தனை வருஷம் கொதித்தவன் நான். என் பில்லுக்கும் அந்தக் கூடைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு ராத்திரி தோன்றியது. அன்றைக்குத் தூங்கவில்லை.

பழைய டைரியை வைத்து நினைவுக்கு வந்தவரை கூட்டினேன். 8,400 ரூபாய் வந்தது. லேவியராகமம் சொன்ன ஐந்தில் ஒன்று 1,680 சேர்த்து 10,080. கவரில் போட்டுக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். சொல்லி முடித்ததும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை எந்தக் கணக்குல வரவு வைக்கிறது தம்பி?" என்று கேட்டார். இப்படி ஒரு பணம் உள்ளே வரும் என்று அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்பே இல்லை. கடைசியில் இதர வரவு என்று எழுதி ரசீது கொடுத்தார்கள். அடுத்த இரண்டு வருஷம் என் பில் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் சரிபார்த்தார்கள். அது நியாயம்தான்.

இதைப் படிக்கிற சபை மக்களிடம் ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கோயில் கோபுரத்தில் போடுகிற சீரியல் லைட்டுக்கு, தயவுசெய்து கம்பத்திலிருந்து கொக்கி போடாதீர்கள். கோயில் உபதேசியாருக்கும், தோட்டம் கூட்டுகிற அம்மாவுக்கும் மாதச் சம்பளத்தைத் தேதிக்குக் கொடுங்கள். கட்டட நிதிக்குப் பணம் சேரட்டும் என்று அவர்கள் கூலியை நிறுத்தி வைக்காதீர்கள். அறுத்தவர்களுடைய கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று யாக்கோபு எழுதியது சபைக்குத்தான்.

பீடிக்கடைக்காரர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா துஷ்டி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள். அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "அக்கா, அந்தக் கட்டெல்லாம்..." என்று வாயெடுத்திருந்தால் அவரே எவ்வளவு லேசாகப் போயிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

என் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி. பாளையங்கோட்டையில் படிக்கும்போது விடுதிக்கு எதிரே ஒரு டீக்கடை. "நோட்டுல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லியே கடைசி செமஸ்டர் முழுக்கக் குடித்துவிட்டு, பரீட்சை முடிந்த அன்றைக்குப் பின்வாசல் வழியாகப் பஸ் ஏறிவிட்டேன். போன மாதம் ஒரு நண்பன் மூலமாக விசாரித்தேன். அண்ணாச்சி இல்லை. கடையை மகள் நடத்துகிறாளாம். உடையவன் இல்லையென்றால் அவன் உறவின்முறையானுக்குக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து புரிகிறது. வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.