ஹென்றி லாசனை யாரும் கண்டுக்காம புதைக்கல

ஆஸ்திரேலிய புஷ் கவிஞர் (அதாவது அந்த நாட்டு காட்டுப்புற, கிராமப்புற வாழ்க்கையைப் பாடினவர்) ஹென்றி லாசன் அனாதையா செத்தாரு, நாலு பேர் கூட வரல, எழுதின கடிதம் எல்லாம் குப்பைக்குப் போச்சுன்னு ஒரு பதிவு சுத்திட்டு இருக்கு. தப்பு. 1922 செப்டம்பர் 2 சிட்னில இறந்தாரு, ரெண்டே நாள்ல அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடந்துச்சு, பிரதமர் பில்லி ஹியூஸே வந்தாரு, வேவர்லி கல்லறைத் தோட்டத்துல இப்பவும் சமாதி இருக்கு.

கஷ்டப்பட்டது மட்டும் நிஜம். குடி, கடன், குடும்பத்துக்குப் பணம் கட்டலைன்னு டார்லிங்ஹர்ஸ்ட் ஜெயில், சின்ன வயசுலயே காது வேற போயிடுச்சு. அப்படிப்பட்ட மனுஷனுக்கு கடிதம் எவ்ளோ முக்கியமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, எனக்கு அதை நினைச்சாலே மனசு கனத்துடும்.

அந்தக் கடிதங்களும் தொலையல. காலின் ரோடெரிக்னு ஒரு ஆய்வாளர் அங்கங்க கிடந்ததைத் தேடிச் சேர்த்து, 1890ல இருந்து 1922 வரைக்கும் எழுதினதை 1970ல புத்தகமாவே போட்டுட்டாரு, சிட்னி மிட்செல் லைப்ரரில கையெழுத்துப் பிரதிகளும் பத்திரமா இருக்கு. 1931ல சிலை, 1966ல பத்து டாலர் நோட்டுல படம். தயவுசெஞ்சு அந்தப் பதிவை ஃபார்வர்ட் பண்ணாதீங்க, பண்ணிட்டீங்கன்னா இதையும் அதே குரூப்ல போடுங்க.