மான் எங்கே, அண்ணே?

நம் சிங்கப்பூர் அண்ணன் ஒருவர் நியூசிலாந்தில் மான் வேட்டையாடிப் போட்ட அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். லிங்க் போடப் போவதில்லை. என் பக்கத்திலிருந்தும் போய் அவருக்குப் பார்வைகள் கூட வேண்டாம். கீழே நான் போட்ட கமெண்ட்டையும், அதற்கு அவர் கொடுத்த பதிலையும், அந்தப் பதிலுக்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்திருப்பீர்கள். சிரித்தவர்களில் சிலர் என் வீட்டுத் தீபாவளி முறுக்கைத் தின்றவர்கள். இருக்கட்டும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. நியூசிலாந்து மலையில் 500 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டீர்கள். மான் தடுமாறியது, புதருக்குள் போனது. அடுத்த காட்சியில் நீங்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ‘வேட்டைக்குப் போற நம்ம ஆட்கள் கட்டாயம் வாங்க வேண்டியவை’ என்று பட்டியல் போடுகிறீர்கள். நடுவில் மான் எங்கே?

“ஆர்ம்ஸ்கோட்டில் துப்பாக்கி துடைச்சவங்க எல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வேணாம்” என்று பதில். ராணுவ முகாமின் ஆயுதக் கிடங்கில் நான் வேலை பார்த்ததைச் சொல்கிறார். அறுபதுக்கு மேல் சிரிப்பு.

சரி, அந்தப் பட்டியலுக்கு வருவோம். முதல் இடம் 300 வின்செஸ்டர் மேக்னம், அதாவது அதிக சக்தியுள்ள ஒரு தோட்டா வகை, அதைச் சுடும் ரைஃபிள். அதைவிடச் சக்தி குறைந்த “308 எல்லாம் பழைய காலத்து ஆட்களுக்கு” என்று ஒரு வரி வேறு. அண்ணே, 308 வின்செஸ்டர் வந்தது 1952-ல். உங்கள் மேக்னம் வந்தது 1963-ல். இரண்டுமே நம்மில் பாதிப் பேரைவிட மூத்தவை. புதுசுதான் வேண்டும் என்றால் 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர் இருக்கிறது, அதையாவது சொல்லியிருக்கலாம். இரண்டாவது, பல ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு ஸ்கோப், ரைஃபிள் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி. மூன்றாவது, தலை முதல் கால் வரை ஒரே கம்பெனியின் காமஃபிளாஜ் உடுப்பு, கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதுபோல நிறம் பார்த்து, சாயல் பார்த்து. பூட்ஸ் பற்றி? “எது இருக்கோ அது போதும்.”

இதைக் கேட்டதும்தான் எனக்கு ஏறியது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கிட்டப் போங்கள். கிட்டப் போக முடியாவிட்டால் சுடாதீர்கள். எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

500 மீட்டர் என்றால் என்ன என்று இங்கே தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவ சேவை, முடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரேஞ்சில் 300 மீட்டர் இலக்கு எழும்பும்போது அது கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தது என்று நினைத்துப் பாருங்கள். அது மண்மேட்டில், நமக்கு நேராக, அசையாமல் நிற்கும் அட்டை. மான் அப்படி நிற்காது. மேக்னம் தோட்டா குழலைவிட்டு நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும், உண்மை. ஆனால் 200 மீட்டருக்கு ஸீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறி சரியாக விழும்படி அமைத்த, ரைஃபிளில் அதே தோட்டா 500 மீட்டர் போய்ச் சேரும்போது ஒரு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். இறக்கத்தையாவது கணக்குப் போட்டுத் திருத்தலாம். காற்றை என்ன செய்வீர்கள்? மணிக்கு 15 கிலோமீட்டர் பக்கக் காற்று போதும், தோட்டா அரை மீட்டர் அளவுக்கு ஒதுங்கிவிடும். சிவப்பு மானின் நெஞ்சுப் பகுதியில், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், ஒரு சாண் ஒன்றரைச் சாண் அகலம்தான். அரை மீட்டர் தள்ளினால் வயிறு. இல்லையென்றால் கால். தோட்டா போய்ச் சேர அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் அந்த மான் ஒரு எட்டு வைத்தாலே எல்லாக் கணக்கும் வீண். இதில் மேக்னம் என்ன செய்யும்? அதிக சக்தியோடு வயிற்றில் அடிக்கும், அவ்வளவுதான்.

மேக்னத்தின் உதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 308-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தோளில் வாங்க வேண்டும். அடிக்கடி சுட்டுப் பழகாதவர் நாலாவது தோட்டாவிலேயே விசையை அழுத்துவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார். வருஷத்துக்கு ஒரு தடவை பறந்துபோய்ச் சுடுகிற நம் ஊர்க்காரருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டார், அதில் பெரும்பாலானவற்றை யானைக்குச் சின்னது என்று நினைக்கத் தோன்றும் 7 மில்லிமீட்டர் ரைஃபிளால். யானைகளைச் சுட்டுத் தள்ளியதை மெச்சிச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். நாம் மானின் நெஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மேக்னம் வாங்குகிறோம்.

“அங்கே 600, 700 மீட்டரில் அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்களே” என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி. இருக்கிறார்கள், தம்பி. வாரா வாரம் பயிற்சி எடுப்பவர்கள், காற்றைப் புல்லில் படிப்பவர்கள். அவர்கள் சுட்டபின் போய்த் தேடுவார்கள். நான் பேசுவது தேடாதவரைப் பற்றி.

“தோட்டா தோட்டாதானே” என்று எழுதிய இன்னொருவருக்கு: இல்லை. நாம் தேசிய சேவையில் சுட்டது முழுக்க உறை போட்ட ராணுவத் தோட்டா. உடம்புக்குள் விரியும் தோட்டாவைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-ல் ஹேக் மாநாட்டிலேயே பிரகடனம் போட்டார்கள். வேட்டையில் நியாயம் நேர்மாறு. உறைத் தோட்டா மானை ஊசி குத்தியதுபோல் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் வெகுதூரம் ஓடிக் கஷ்டப்பட்டுச் சாகும். அதனால்தான் முனை விரியும் தோட்டா. என் மச்சான் இப்போது முழுச் செம்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டார். ஈயம் உள்ளே சிதறி இறைச்சியில் கலக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்பது அவர் கணக்கு. விலை கூடுதல்தான். எதை வாங்கினாலும் இரண்டு மூன்று வகை வாங்கிப் பேப்பரில் சுட்டுப் பாருங்கள், ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒவ்வொன்று ஒத்துப்போகும். பிறகு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பைத் தாங்கும் திருகாணிகளைச் சரிபாருங்கள். அது தளர்ந்திருந்தால் பல ஆயிரம் வெள்ளிக் கண்ணாடியும் தெருவிளக்கும் ஒன்றுதான்.

இப்போது, “சொந்தமாக ஒரு ரைஃபிள்கூட இல்லாதவன் ரைஃபிளைப் பற்றிப் பேசலாமா?” இதுதானே உங்கள் பெரிய ஆயுதம்? ஆமாம், எனக்கு ரைஃபிள் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அலமாரியில் ரைஃபிள் வைத்துக்கொள்ளும் ஊரா இது? ஒருவரைக் காயப்படுத்தத் துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை என்று சட்டம் உள்ள ஊர். ரேஞ்சிலிருந்து வெளியே வரும்போது தோட்டாவோ காலி உறையோ என்னிடம் இல்லை சார் என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள் நாம். அந்தக் கண்டிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேலே சொன்ன மச்சான், என் மனைவியின் தம்பி, நியூசிலாந்தின் தென்தீவில் பண்ணையில் வேலை பார்க்கிறார், உரிமம் அவருடையது, ரைஃபிள் அவருடையது. உரிமக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் உரிமம் இல்லாதவர் சாதாரண வேட்டை ரைஃபிளைச் சுட அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் என் தோளை ஒட்டியே உட்கார்ந்திருப்பார். 150 மீட்டருக்குள் போகாமல், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் தொட விடமாட்டார். “அத்தான், இன்னும் கிட்ட” என்று மட்டும் சொல்வார். காற்று திரும்பினால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவோம். அப்படித் திரும்பிய நாட்கள்தான் அதிகம். அதை யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள்.

எனக்குச் சொந்தமானது பூட்ஸ், பைனாகுலர், கத்தி. இந்த வரிசையில்தான் காசு செலவழித்தேன். அதே வரிசையில்தான் நீங்களும் செலவழிக்க வேண்டும் என்பேன். கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் தரமான பூட்ஸ் இல்லாமல் அந்தச் சரிவில் கிட்டப் போகவே முடியாது. கிட்டப் போக முடியாதவருக்குத்தான் 500 மீட்டர் ஆசை வரும். பைனாகுலர் எதற்கென்றால், ஸ்கோப் வழியாக மிருகத்தைத் தேடுவது என்பது ரைஃபிளை எல்லார் பக்கமும் திருப்புவது. புதரில் அசைவது மானா மனிதனா என்று ஸ்கோப்பில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன் என்றால், மனிதனாக இருந்தால் அந்த நொடியில் குழல் அவன் மேல் இருக்கிறது. அங்கே துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழு. அதில் ஒன்று, இலக்கு இன்னதுதான் என்று துளிச் சந்தேகமும் இல்லாமல் அறிந்த பிறகே சுட வேண்டும் என்பது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஆண் மான்கள் கர்ஜிக்கும் காலம். வேட்டைக்காரர்களும் அதேபோலக் குரல் கொடுத்து மானை வரவழைப்பார்கள். மான் என்று நினைத்து மனிதனைச் சுட்ட கதைகள் அந்த நாட்டில் உண்டு. அதனால் பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பு. நம் அண்ணனின் பட்டியலில் காமஃபிளாஜ் மூன்றாவது, ஆரஞ்சு இல்லவே இல்லை. சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் கால் முறிந்தால் கூப்பிட அவசர இருப்பிடக் கருவி, அதுவும் இல்லை. தலைவிளக்கும் இல்லை. மாலையில் சுட்ட மானை இருட்டில் தேடுகிறவருக்குத்தானே தலைவிளக்கு!

மலேசியாவில் கூலாய் பக்கம் எஸ்டேட்டில் என் பெரியப்பா இருந்தார். பள்ளி விடுமுறைக்கு என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள். இளம் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடும், அதனால் உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு பெரியப்பாவும் கூட்டாளிகளும் நாய்களோடு போவார்கள். ஒருநாள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், எஸ்டேட் ஆபீசில் வேலை, நல்ல துப்பாக்கி, அவசரப்பட்டு தூரத்திலிருந்து அடித்துவிட்டார். பன்றி பெலுக்காருக்குள், அதாவது புதர்க்காட்டுக்குள், ஓடிவிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பெரியப்பா விடவில்லை. அடிபட்ட பன்றி எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் டார்ச் எடுத்துக்கொண்டு அந்த ஆளையும் முன்னால் நடக்கவிட்டு உள்ளே போனார்கள். நான் லாரியில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கினேன். பெரியம்மா சோற்றை மூடிவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். விடிந்த பிறகுதான் கிடைத்தது, உப்பி, ஈ மொய்த்து. புதைத்தார்கள். அந்த ஆபீஸ்காரரை அதற்குப் பிறகு பெரியப்பா வேட்டைக்குக் கூப்பிடவில்லை. அவர் பெரிய பதவிக்குப் போனபிறகும் கூப்பிடவில்லை.

“மானைக் கொல்வதே பாவம், இதில் நியாயம் என்ன” என்று கேட்டவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. லிட்டில் இந்தியா தேக்காவில் மட்டன் பிரியாணி கட்டி முடித்துவிட்டு, பல்குச்சியோடு வந்து ஜீவகாருண்யம் பேசுபவர்களுக்குப் பதில் கிடையாது. நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர சொந்தமான தரைப் பாலூட்டியே இல்லை. மானை 1851-லிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள், அது காட்டைத் தின்கிறது. நம் தமிழ்நாட்டு வரையாட்டை நினைவூட்டும் இமயமலை வரையாட்டையும் 1904-ல் கொண்டுபோய் விட்டார்கள். தமிழ்நாட்டில் வரையாடு அழியாமல் பாதுகாக்கப் பாடுபடுகிறார்கள், நியூசிலாந்தில் அதன் உறவுக்காரனைக் குறைக்கச் சொல்லி அரசாங்கமே கேட்கிறது. என்ன உலகமோ. ஆனால் சுட வேண்டியிருக்கிறது என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் சுடலாம் என்று ஆகாது.

ஆர்ம்ஸ்கோட் விஷயம். மறைக்கவில்லை, நான் ஆர்ம்ஸ்கோட் ஸ்டோர்மேன்தான். முழங்கால் பிரச்சினை, மருத்துவ அட்டை, அங்கே போட்டார்கள். எங்கள் படைப்பிரிவு முழுக்கக் காட்டில் இருக்கும்போது நான் உள்ளே எண்ணெய் நாற்றத்தில் ரேக் ரேக்காக எண்ணிக்கொண்டிருப்பேன். கமாண்டோ என்று நானும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் குழலுக்குள் துரு பிடித்துத் திரும்பி வந்த ரைஃபிள்களை யார் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சத்தம் அதிகம் போட்டவர்கள்தான். அதைத் துடைத்தது நான். இருபது வருஷம் கழித்து அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள், சரி. கேள்விக்குப் பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

வீடியோ போட்ட அண்ணன் அந்தக் கமெண்ட்டுக்குப் பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார் என்று மகள் சொன்னாள். அவரிடம் இதைக் கொண்டுபோய்க் காட்டத்தான் போகிறீர்கள். காட்டுங்கள். இங்கே கருத்து எழுதுபவர்கள் தாராளமாக எழுதலாம். மேக்னம் பிடித்தவர்களும் எழுதலாம். என் மச்சானின் பெயரை மட்டும் இழுக்காதீர்கள், அவர் முகநூலிலேயே இல்லை. அடுத்த ஏப்ரலுக்கு வருகிறேன் என்று ஏற்கெனவே கேட்டிருக்கும் இரண்டு தம்பிகளும் முதலில் பூட்ஸ் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு புக்கிட் தீமா குன்று ஏறி இறங்கிப் பழகிவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.