அது அழுக்கு இல்லை

என் சிறுத்தைப் படத்தை ஒருவர் ஏஐயில் போட்டு, அதில் மணல் தூவியது போல இருந்த சொரசொரப்பைத் துடைத்து, "இப்படி இருந்திருக்க வேண்டும்" என்று நேற்று பகிர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு எத்தனை கைதட்டல்! இரவெல்லாம் மனசு ஆறவில்லை.

நான் எடுத்த படம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். சூரியன் மறைந்து கால் மணி நேரம், மேலே அடர்ந்த மரங்கள். லென்ஸின் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் திறந்திருந்தது 1/50 நொடி, கிடைத்த வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ 12,800. வெளிச்சமே சொட்டுச் சொட்டாக விழும்போது கேமராவுக்குள் அதை வாங்கும் சென்சாரில் ஓரிடத்தில் கொஞ்சம் கூடும், பக்கத்தில் கொஞ்சம் குறையும். அதுதான் நாய்ஸ். அது அழுக்கு இல்லை, அந்த நேரத்து வெளிச்சம் அவ்வளவுதான். நல்ல கேமரா வாங்கினால் போய்விடுமாம். குறையும், போகாது. ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனை நம்பி ஷட்டரை இன்னும் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கலாமாம். அது என் கை நடுக்கத்தைத் தாங்கும். சிறுத்தை தலையைத் திருப்பினால் என்ன செய்யும்?

துடைத்த படத்தை உற்றுப் பாருங்கள். இல்லாத மீசைமுடி முளைத்திருக்கிறது. விலாவில் தனித்தனியாக இருந்த இரண்டு புள்ளி வளையங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு சிறுத்தையை இன்னொன்றிலிருந்து பிரித்து அறிவதே அந்தப் புள்ளிகளை வைத்துத்தான், நமக்குக் கைரேகை போல. அதை மாற்றிவிட்டால் நான் பார்த்த சிறுத்தை எங்கே?

"நீயும் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூலப் பதிவை, திருத்தித்தானே போடுகிறாய்?" என்கிறார்கள். ஆமாம், திருத்துகிறேன். கேமரா பதிந்ததைத் திருத்துவது வேறு, பதியாததை வரைந்து சேர்ப்பது வேறு.

"டார்ச் அடித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இதுதான் ரொம்ப வலித்தது. பல வருடங்களுக்கு முன் கூட வந்த ஒருவர் ஒரு புனுகுப்பூனையின் முகத்தில் நேராக ஒளியைப் பாய்ச்சினார். இருட்டில் பார்க்கவே அமைந்த கண்கள், விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் வேறு. இரண்டு தீக்கங்கு மாதிரி மின்னின. அது அசையாமல் நின்றது. விளக்கை அணைத்ததும் தடுமாறி ஒரு வேரில் மோதிக்கொண்டு ஓடியது. அன்று நானும் படம் எடுத்தேன். துல்லியமான படம், ஒரு புள்ளி நாய்ஸ் இல்லை. அறைக்கு வந்து அழித்துவிட்டேன். அதைப் போய் வழி என்று எனக்குச் சொல்கிறீர்களே!

இந்தச் சிறுத்தைக்காகப் பத்தொன்பது மாலைகள் உட்கார்ந்திருந்தேன். வந்து நின்றது நான்கு நொடி இருக்கும். ஆறு படங்களில் ஐந்து கலங்கிப் போயின. மிஞ்சிய ஒன்றைத்தான் உங்களுக்குக் காட்டினேன்.

அந்தப் பகிர்வில் இன்னும் என் பெயர் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.