கண்ணம்மாளும் சிறைக்குப் போனவர்தாங்க

மேலே ஒரு அண்ணன், "ஈரோட்டில் வாய் திறந்து பேசியது பெரியார் ஒருத்தர்தான், அந்த வீட்டுப் பெண்களுக்கு அரசியலே தெரியாது, குடி அரசு பத்திரிகை வழக்கில் உள்ளே போனதும் அவர் மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறீங்க. தப்புங்கண்ணா.

1933 அக்டோபரில் "இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?" என்று குடி அரசில் தலையங்கம் வந்தது. அதற்காக அந்த டிசம்பரில் ராஜத்துரோக வழக்கில் கைதானவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெரியார். இன்னொருவர் அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள். பத்திரிகையை வெளியிடுபவர் அவர்தான். இரண்டு பேருக்குமே தண்டனை கிடைத்தது.

வெளியிடுபவர் பேர் சும்மா அலங்காரத்துக்குப் போடுவதில்லை. அப்போது இருந்த 1867 சட்டப்படி பத்திரிகையில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பேர் இருந்தே ஆகணும்னு விதி இருந்தது. வழக்கு வந்தால் அந்தப் பேருக்கும் சம்மன் வரும். நம்மூர் ஜவுளிக் கடையில் லைசென்ஸ் வீட்டம்மா பேரில் இருந்தால் நோட்டீஸ் யாருக்கு வரும்? அதே மாதிரிதான். அது தெரிந்தேதான் கண்ணம்மாள் பொறுப்பேற்றார்.

அதற்கு முன்னாலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1921 கள்ளுக்கடை மறியலில் அண்ணி நாகம்மையோடு (பெரியாரின் மனைவி) ஈரோட்டுத் தெருவில் நின்றவர். நாகம்மை 1924-இல் கேரளத்து வைக்கத்துக்கே போய், கோயில் தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காகப் போராடினார்.

எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) அந்த இரண்டு பேரையும் பேர் சொல்லித்தான் பேசும். "பெரியார் வீட்டுப் பொம்பளைங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. உங்க பதிவைத் திருத்திப் போடுங்கண்ணா, நிறையப் பேர் பகிர்ந்திருக்காங்க.